சக்கரத்தை மட்டும் கடைக்கு அனுப்புங்கள்

கேள்வி: என்னிடம் 1971-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (கூரை மடங்கும் பழைய பிரிட்டிஷ் கார்) ஒன்று இருக்கிறது. குரோம் பூசிய கம்பிச் சக்கரங்கள். டயர்களில் பட்டன் நிறையவே இருக்கிறது; ஆனால் பக்கவாட்டில் நூல் நூலாக வெடிப்பு. 70 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் ஸ்டியரிங் ஆடுகிறது. டயர் மாற்றலாம் என்று மூன்று கடைகளில் விசாரித்தேன். முதல் கடையில், "இந்த வீல் எங்க மெஷின்ல ஏறாது சார், வேணாம்" என்றார்கள். இரண்டாவது கடையில், "வண்டியை விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க" என்றார்கள். மூன்றாவது கடையில், ஸ்போக் ஓட்டைகளைப் பசை போட்டு அடைத்து டியூப்லெஸ் ஆக்கித் தருவதாகச் சொன்னார்கள். யாரை நம்புவது? சென்னைக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா?
- ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நீங்கள் பார்த்த மூவரில் நாணயமானவர் முதல் கடைக்காரர். தன் மெஷினுக்கு எது ஏறும், எது ஏறாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டாமவர் வேலை தெரிந்தவராகக்கூட இருக்கலாம், ஆனால் நீங்கள் பக்கத்தில் நிற்காமல் இந்தச் சக்கரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. மூன்றாவது கடைக்குத் திரும்பிப் போக வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

சென்னை வரை 150 கிலோமீட்டர், வெடித்த டயரில் ஓட்டிக்கொண்டு போவது பேராபத்து. புதுச்சேரி, கடலூர் எல்லைக்குள்ளேயே இந்த வேலை முடியும். ஒரே ஒரு நிபந்தனை: கடைக்கு காரைக் கொண்டுபோகாதீர்கள், சக்கரங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். டயர் கடையில் பழைய காருக்கு வரும் சேதத்தில் பாதி டயர் மாற்றுவதால் வருவதில்லை, வண்டியைத் தூக்குவதால் வருகிறது. எம்.ஜி.பி.க்குத் தனியாக அடிச்சட்டம் (சேசிஸ்) கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற ஓரப்பகுதிதான் உடம்பைத் தாங்குகிறது. கடற்காற்று அடிக்கும் ஊரில் ஐம்பது வருஷம் நின்ற வண்டியில் அந்தப் பெட்டி உள்ளுக்குள் எவ்வளவு அரித்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. லிஃப்டின் கையை அங்கே கொடுத்துத் தூக்கினால் தகடு நசுங்கும், அதன் பிறகு கதவு சரியாகச் சாத்தாது. உங்கள் சக்கரமோ நடுவில் ஒரே நட்டு வைத்தது, வீட்டிலேயே கழற்றிவிடலாம்.

கழற்றும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு காது வைத்த அந்த நட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மரை கிடையாது. இடப்பக்கச் சக்கரங்களுக்கு வலமரை, ஓட்டுநர் அமரும் வலப்பக்கத்துக்கு இடமரை. குழப்பமில்லாமல் நினைவில் வைக்க வழி இது: எந்தப் பக்கமானாலும், மேலே நிற்கும் காதை வண்டியின் முன்பக்கமாகத் தட்டினால் கழலும், பின்பக்கமாகத் தட்டினால் இறுகும். நட்டின் மேலேயே கழற்றும் திசைக்கு அம்புக்குறி வெட்டியிருக்கும். அதையும் ஒருமுறை சரிபாருங்கள். என்றைக்கோ ஆக்ஸில் வேலை செய்தவர், சக்கரம் ஏறி உட்காரும் ஹப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தால் அம்புக்குறி எதிர்த்திசை காட்டும். அப்படி இருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது, ஓட ஓட நட்டு தானாகக் கழலும்.

இரும்புச் சுத்தியல் வேண்டாம். செம்புத் தலையோ சுருட்டிய தோல் தலையோ வைத்த கனமான சுத்தியல் வாங்குங்கள். சாதாரண ரப்பர் சுத்தியல் துள்ளும், நட்டு அசையாது. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஓரிரு அடி கொடுத்து நெகிழ்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி. முன்னால் குறுக்குச் சட்டத்துக்கு நடுவில், பின்னால் ஆக்ஸிலுக்குக் கீழே ஜாக்கியைக் கொடுக்கலாம். முன்பக்கம் சுருள்வில் உட்காரும் தட்டுக்கடியிலும், பின்பக்கம் பட்டைவில் ஏறும் இடத்தை ஒட்டிய ஆக்ஸிலிலும் ஸ்டாண்டு முட்டுக்கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடக் கூடாது.

கழற்றிய கையோடு ஹப்பின் பற்களைப் பாருங்கள். நல்ல பல்லுக்கு உச்சி தட்டையாக இருக்கும். தேய்ந்தது ரம்பப் பல் மாதிரிக் கூராகிவிடும். வண்டியை நகர்த்தும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் சக்கரத்தில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். தேய்ந்த ஹப்பில் புதுச் சக்கரத்தையோ, தேய்ந்த சக்கரத்தைப் புது ஹப்பிலோ போட்டால் நல்லதையும் கெட்டது தின்றுவிடும். ஆகவே டயருக்குப் பணம் கொடுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இது.

அடுத்தது கம்பிகள். மெல்லிய ஸ்பானரால் ஒவ்வொன்றையும் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மட்டமாக ஒலிக்கும். ஒரு சக்கரத்தில் ஒன்றிரண்டு தளர்ந்திருந்தால் இறுக்கிக்கொள்ளலாம். ஏழெட்டுக் கம்பி தளர்ந்தோ, கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிள் பக்கம் துரு தின்றோ இருந்தால் டயர் வேலையை நிறுத்திவிட்டு முதலில் சக்கரத்தைச் சரிசெய்யுங்கள். உங்கள் ஸ்டியரிங் ஆட்டத்துக்கு டயரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சக்கரத்தைத் திரும்ப மாட்டி, தரைக்கு மேலே தூக்கி, ரிம்முக்குப் பக்கத்தில் செங்கல் மேல் ஒரு பென்சிலை நிறுத்திச் சுற்றிவிட்டுப் பாருங்கள். பென்சிலுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி ஒரு சுற்றில் 2 மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால், எந்த பேலன்சிங்கும் அதைத் தீர்க்காது. புல்லட் சக்கரத்துக்கு பெண்டு எடுக்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள், நல்ல கைகளும் உண்டு. ஆனால் உங்கள் சக்கரத்தில் 60 கம்பி, அடுக்கும் இழுவைக் கோணமும் வேறு, ஒரு பக்கக் கம்பிகளைக் கூடுதலாக இழுத்தால் ரிம் உள்வாங்கி நிற்கும் ஆழமும் மாறும். கார் சக்கரம் செய்து பழகியவர் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கொடுங்கள்.

இனி டயர். பட்டன் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். வருஷத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் பட்டன் தேய்வதற்கு முன்னால் ரப்பர் செத்துவிடும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 3109 என்றால் 2009-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரத்தில் செய்தது. வெடிப்பு கண்ணுக்குத் தெரிகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால் இந்த டயர்களைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை, ஐந்தையும் மாற்றுங்கள்.

நல்ல செய்தி, உங்கள் அளவு கப்பலில் வர வேண்டியதில்லை. எம்.ஜி.பி.க்கு ஏற்ற 165/80 ஆர்14 நம் ஊரில் ஸ்விஃப்ட், டிசையர் அடிப்படை மாடல்களுக்கு வரும் அளவுதான், எந்தப் பெரிய டயர் கடையிலும் கிடைக்கும். சுமைக் குறி 85, வேகக் குறி எஸ் என்று பாருங்கள். 85 என்றால் டயர் ஒன்றுக்கு 515 கிலோ, எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. உங்கள் வண்டிக்கு இரண்டுமே தாராளம். "அகலமா போடுங்க சார், ரோடு கிரிப்பு நல்லா இருக்கும்" என்று 185/60 காட்டுவார்கள். வேண்டாம். நாலரை அங்குல ரிம்மில் அது வீங்கி உட்காரும், ஸ்டியரிங் கல்லாகும். விட்டமும் 620 மில்லிமீட்டரிலிருந்து 578-க்கு இறங்குவதால், நீங்கள் 100-இல் போகும்போது மீட்டர் 107 காட்டும். வண்டியும் தரைக்கு 2 சென்டிமீட்டர் நெருங்கும். புதுச்சேரித் தெருக்களின் வேகத்தடைகளைத் தெரிந்தவர் அதைச் செய்ய மாட்டார்.

நெட்டப்பாக்கம் பக்கம் எரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். ஆலையே இருக்கிற ஊர் இது. டயருக்குப் பஞ்சமில்லை, மாட்டுகிற கைக்குத்தான்.

எந்தக் கை என்பதற்கு வருவோம். கம்பிச் சக்கரத்துக்கு டியூப் கட்டாயம். ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு வருகிறது, காற்று நிற்காது. பசை போட்டு அடைத்தால் என்ன என்றால், அடைத்த இடம் கம்பி நெகிழும்போதெல்லாம் விடும். அதைவிடப் பெரிய சிக்கல், பழைய ரிம்மில் டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு கிடையாது. டியூப்லெஸ் போட்டு, காற்று கொஞ்சம் குறைந்த நிலையில் ஒரு வளைவில் வேகமாகத் திரும்பினால் விளிம்பு உள்ளே நழுவி டயர் ஒரே நொடியில் காலியாகிவிடும். மூன்றாவது கடையை வேண்டாம் என்றது இதனால்தான்.

டியூப் போட்டு மாட்டும் வேலை பளபளப்பான ஷோரூம் கடைகளில் அருகிவிட்டது. இருபது வருஷமாக டியூப்லெஸ் மட்டுமே தொட்ட பையனுக்கு ஃப்ளாப் (டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் ரப்பர்) என்ன, டியூப் மடிந்தால் என்ன என்று தெரிய வாய்ப்பில்லை, அது அவன் குற்றமும் இல்லை. மேட்டுப்பாளையம் லாரி முனையத்துப் பக்கமோ, கடலூர் முதுநகர்ப் பக்கமோ, லாரி, டிராக்டர் டயர் கழற்றிப் பழகிய பெரியவர்களுக்கு டியூப் வேலை அத்துப்படி. ஆனால் அவர்களிடம் பேலன்சிங் மெஷின் இருக்காது, குரோம் என்றால் பதற்றமும் இருக்காது. ஒரே கடையில் எல்லாம் முடிய வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். டியூப் தெரிந்தவரிடம் மாட்டிக்கொண்டு, கூம்பு வைத்த நல்ல மெஷின் இருக்கும் இடத்தில் பேலன்சிங் செய்துகொள்வதே நான் சொல்லும் வழி.

போன் போட்டுக் கேட்க மூன்று கேள்வி போதும். "ஸ்போக் வீலுக்கு ரிம் பட்டை நீங்க போடுவீங்களா, நான் கொண்டுவரணுமா?" என்று கேளுங்கள். "அது எதுக்கு?" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடலாம். ரிம் பட்டை என்பது கம்பி முனைகளுக்கும் டியூபுக்கும் நடுவில் ஓடும் ரப்பர் வளையம். பல இடங்களில் பழைய டியூபை வெட்டிச் சுற்றிவிடுவார்கள். ஒட்டுப்போட்ட இடம் தடித்து, அங்கேயே டியூப் உரசி ஓட்டையாகும். சரியான 14 அங்குலப் பட்டையாக ஐந்து வாங்கிக் கையில் கொண்டுபோங்கள். "நான் கூடவே நிக்கலாமா?" என்பது இரண்டாவது. "ஒரு சக்கரம் முதல்ல பண்ணுங்க, பாத்துட்டு மத்ததைத் தர்றேன்" என்பது மூன்றாவது. இதற்கு முகம் சுளிக்கிறவர் மற்ற நாலையும் எப்படிச் செய்வார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். நேரம் பிடிக்கும் வேலை, சக்கரத்துக்கு வழக்கமான கூலியைப் போல மூன்று மடங்கு கேட்டாலும் பேரம் பேசாதீர்கள். கூலி குறைந்தால் அவசரம் கூடும்.

பக்கத்தில் நிற்கும்போது பார்க்க வேண்டியவை. மெஷினின் நான்கு கொக்கிகளுக்கும் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா? உறையில்லாத இரும்புக் கொக்கி குரோமைக் கீறும், கீறிய இடத்தில் ஒரு மழைக்காலத்துக்குள் துரு. பழைய டயர் இறங்கியதும் வெறும் ரிம்முக்குள் பருத்தித் துணியால் ஒரு சுற்றுத் துடைக்கச் சொல்லுங்கள். நூல் சிக்கும் இடத்தில் ஏதோ ஒரு கம்பி முனை துருத்திக்கொண்டிருக்கிறது, அதை அரத்தால் மழுக்கிய பிறகே பட்டை. புது டயருக்குள்ளும் கையை விட்டுத் தடவ வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் காகித லேபிளைப் பிய்க்காமல் விட்டால் அந்தக் காகித ஓரமே டியூபைத் தின்னும். சில டியூப்லெஸ் டயர்களின் உட்சுவரில் வரிவரியாக மேடுகள் இருக்கும், அவையும் அப்படித்தான். வாங்கும்போதே உட்புறம் வழுவழுப்பாக உள்ள டயராகப் பொறுக்குங்கள். டியூபும் ரேடியலுக்கு என்று குறித்ததாக இருக்க வேண்டும், டயரோடு சேர்த்து அதுவும் புதிது. பழைய டியூப் நீண்டு போயிருக்கும், புது டயருக்குள் மடியும்.

டயருக்குள்ளும் டியூப் மேலும் சாதாரண டால்கம் பவுடர் தூவ வேண்டும். விளிம்புக்கு டயர் மாட்டும் பசை அல்லது மென்மையான சோப்பு நீர் போதும். துணி துவைக்கும் பவுடரைக் கரைத்துப் பூசினால் கம்பியில் துரு ஏறும். கிரீஸ், டீசல் ரப்பரைக் கெடுக்கும். ரிம்மின் நடுப்பள்ளம் ஒரு பக்கமாகச் சற்று ஒதுங்கியிருக்கும், அந்தப் பக்கத்து விளிம்பு வழியாகத்தான் டயரை ஏற்ற வேண்டும். எதிர்ப்பக்கமாக ஏற்றினால் லிவரைப் போட்டு நெம்ப வேண்டிவரும், நெம்பும் லிவருக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் கடிபடும். பெரும்பாலான "புது டியூப்லயே பஞ்சர்" புகார்களுக்கு மூலம் இந்த ஒரு நெம்பல். ஏற்றுவதற்கு முன் டியூபில் வடிவம் பிடிக்கும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்று இருக்கட்டும். ஏறிய பின் காற்றடித்து விளிம்பு உட்கார்ந்ததும், வால்வு ஊசியைக் கழற்றி முழுக் காற்றையும் வெளியே விட்டு, திரும்ப அடிக்க வேண்டும். உள்ளே மடிந்து கிடக்கும் டியூப் அப்போதுதான் பிரிந்து படியும். இதை நீங்கள் சொல்லாமலே ஒருவர் செய்தால், அவர் போன் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு உட்காரவில்லை என்று 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்ற விடாதீர்கள். அடம்பிடித்தால் இறக்கி, சோப்பு போட்டு மறுபடி முயல வேண்டும்.

பேலன்சிங் தனிக்கதை. உங்கள் சக்கரம் ஓடும்போது இரண்டு சரிவுகளில்தான் உட்காருகிறது, உள்பக்கம் ஹப்பின் கூம்பில் ஒன்று, வெளிப்பக்கம் நட்டின் கூம்பில் ஒன்று. மெஷினிலும் இரண்டு பக்கத்திலிருந்தும் கூம்பு வந்து அதே இரண்டு சரிவுகளைப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் கூம்பு, மறுபக்கம் தட்டையான வட்டக் கிண்ணம் வைத்துத் திருகினால் சக்கரம் மையம் விலகி நிற்கும். மெஷின் அந்த விலகலை எடைக் குறைபாடு என்று எண்ணி வெயிட் கேட்கும். பூஜ்யம் காட்டிய சக்கரம் ரோட்டில் ஆடுவது இப்படித்தான். இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, மெக்கானிக் படிப்பு வேண்டியதில்லை. மெஷின் முதலில் காட்டும் கிராமையும் இடத்தையும் சாக்பீசால் டயரில் குறிக்கச் சொல்லுங்கள். சக்கரத்தை நெகிழ்த்தி, தண்டில் அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கிச் சுற்றச் சொல்லுங்கள். அதே இடம், 5 கிராமுக்குள் வித்தியாசம் என்றால் பிடிப்பு சரி. இடமே மாறிவிட்டால் பிடிப்பு தவறு, அந்த மெஷினில் வெயிட் அடிப்பது வீண்.

ஒரே பக்கத்துக்கு 60, 70 கிராம் கேட்டால் வெயிட் அடிக்காமல், காற்றை இறக்கி டயரை ரிம்மில் அரைவட்டம் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் பாதியாகும். ஒட்டும் வெயிட் நிப்பிள்களுக்கு மேல் நிற்காது. ரிம்மின் உள்விளிம்பில் கிளிப் வெயிட்டே சரி. நைட்ரஜன் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டில் திரும்ப மாட்டும்போது ஹப்பின் பற்களிலும் கூம்பிலும் மரையிலும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ். சக்கரம் தரைக்கு மேலே இருக்கும்போதே நட்டைக் கையால் ஏற்றி நான்கைந்து அடி கொடுத்து மையம் பிடிக்க வைத்து, இறக்கிய பின் நட்டு நகராத வரை அடியுங்கள். காற்று, பழைய கையேட்டில் முன் 21, பின் 24 பி.எஸ்.ஐ. என்று இருக்கும். இன்றைய ரேடியலுக்கு முன் 25, பின் 27 வைத்து ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் பழக்கத்தில் 33 அடித்து அனுப்பியிருப்பார். அப்படியே ஓட்டினால் வண்டி கல் மேல் குதிக்கிற மாதிரி இருக்கும்.

அலைன்மென்டுக்கு மட்டும் காரையே கொண்டுபோகத்தான் வேண்டும். கம்ப்யூட்டர் பட்டியலில் எம்.ஜி. என்றதும் ஹெக்டர் வரும், உங்கள் வண்டி வராது. அளவை நீங்களே எழுதிக் கொடுங்கள்: முன்சக்கர உள்வாட்டம் (டோ-இன்) 1.5-இலிருந்து 2.3 மில்லிமீட்டருக்குள். இந்த வண்டியில் திருகி மாற்ற முடிவது அது ஒன்றுதான். திரையில் கேம்பர் (சக்கரம் நிற்கும் சாய்வு) சிவப்பாகத் தெரிகிறது என்று ஹைட்ராலிக் ஜாக்கியைப் போட்டு வளைத்துச் சரிசெய்ய வந்தால் தடுத்துவிடுங்கள். இன்றைய கார்களுக்கே அது அரைகுறை வைத்தியம், எம்.ஜி.பி.யில் கேம்பர் மாறியிருந்தால் புஷ்ஷோ, முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னோ, வில்லோ தேய்ந்திருக்கிறது, அதை மாற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் முதல் ஓட்டம் கடலூர் வரை போதும், போய் வர 45 கிலோமீட்டர். 70-க்கு மேல் ஆட்டம் இன்னும் இருந்தால் முன்சக்கரம் இரண்டையும் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். ஆட்டம் ஸ்டியரிங்கை விட்டு இருக்கைக்கு நகர்ந்தால் குற்றம் சக்கரத்தில்; அப்படியே இருந்தால் முன்பக்கக் கிங்பின்னையும் டாம்பரையும் (ஷாக் அப்சார்பர்) பார்க்கச் சொல்லுங்கள். ஊர் திரும்பியதும் சுத்தியலை எடுத்து நான்கு நட்டுகளுக்கும் மறுபடி அடி கொடுங்கள், எப்படியும் கொஞ்சம் நகரும். நகர்ந்தால் இன்னொரு 50 கிலோமீட்டர் கழித்து மீண்டும். டியூப் டயரில் ஆணி ஏறினால் காற்று ஒரேயடியாக இறங்கும் என்பதால், டிக்கியில் ஸ்டெப்னியோடு செம்புச் சுத்தியலும் ஒரு புது டியூபும் எப்போதும் இருக்கட்டும்.